தசைக்குப் போட்ட மாத்திரை, தலைக்குள் செய்யும் வேலை

ஸ்காட் ஸ்மித் ஒரு மயக்கவியல் மருத்துவர். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். 1940களின் நடுவில் ஒருநாள் மேசையில் படுத்துக்கொண்டு, கியூராரேயைத் தன் உடம்பிலேயே ஏற்றச் சொன்னார். தென்னமெரிக்கப் பழங்குடிகள் அம்பு நுனியில் தடவி வேட்டையாடிய அதே விஷம்தான். அறுவைச் சிகிச்சையின்போது நோயாளியின் தசைகள் விறைக்காமல் இருக்க 1942 முதல் மருத்துவர்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் ஒரு சந்தேகம் தீராமல் இருந்தது. அந்த மருந்து தசையை மட்டும் கட்டுகிறதா, நினைவையும் மங்கச் செய்கிறதா?

மூச்சை நிறுத்தத் தேவைப்படுவதைவிட இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போனது. கை, கால், கழுத்து, இமை எல்லாம் வரிசையாக நின்றுபோயின. சக மருத்துவர்கள்தான் அவருக்காகக் காற்றைச் செலுத்திக்கொண்டிருந்தார்கள். பார்த்தவர்களுக்கு அது ஒரு சடலம். ஆனால் சுற்றிப் பேசியது எல்லாம் அவர் காதில் விழுந்தது, ஊசியால் குத்தியது வலித்தது, விழுங்க முடியாத எச்சில் தொண்டையில் நின்று மூச்சு முட்டுவதுபோல இருந்தது. பின்னால் அத்தனையையும் ஒன்றுவிடாமல் சொன்னார். 1947இல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. உடம்பு முழுக்கக் கட்டுண்டு கிடந்த நேரத்திலும் அறிவு ஒரு நொடி கூட மங்கவில்லை.

உண்மையிலேயே தசையில் வேலை செய்யும் மருந்து என்றால் இதுதான். நரம்பு வந்து தசையைத் தொடும் இடத்தில் அது குறுக்கே நிற்கும். மூளைக்குள் நுழையாது.

இப்போது நம் வீட்டு அலமாரிக்கு வருவோம். இடுப்புப் பிடிப்பு, கழுத்துச் சுளுக்கு, தண்டுவட வலி என்று போனால் மருந்துச் சீட்டில் ஒரு 'மஸில் ரிலாக்ஸன்ட்' அநேகமாக இருக்கும். தனி மாத்திரையாக இல்லாவிட்டாலும், வலி மாத்திரையோடு சேர்த்துச் செய்த கூட்டு மாத்திரையாக இருக்கும். டிசானிடின், தயோகால்சிகோசைட், குளோர்சாக்சசோன், பேக்லோஃபென் என்று ஏதாவது ஒரு பெயர் அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். மருந்துக்கடையில் "இது தசைக்கு" என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். வீட்டிலும் அதையே நம்புவார்கள். இடுப்பில் போய் இறுகிய சதையைப் பிடித்துவிடும் ஏதோ ஒன்று என்று.

அந்த மாத்திரைகளில் பெரும்பாலானவை தசையைத் தொடுவதே இல்லை. டான்ட்ரோலின் போல ஓரிரண்டு விதிவிலக்குகள் உண்டு, அவை தசை நாருக்குள்ளேயே போய் வேலை செய்யும். மற்றவை தண்டுவடத்திலும் மூளையிலும்தான் வேலை செய்கின்றன. ஒரு தசை திடீரென்று இழுபட்டால் அந்தச் செய்தி தண்டுவடத்துக்குப் போகிறது, "இறுக்கு" என்ற உத்தரவு அங்கிருந்து திரும்பி வருகிறது. இந்தப் போக்குவரத்து எவ்வளவு வேகமாக நடக்கலாம் என்பதை மேலிருந்து மூளை கட்டுப்படுத்துகிறது. மாத்திரை இந்தப் பேச்சுவார்த்தையின் சத்தத்தைக் குறைக்கிறது. ஆனால் இடுப்புக்குப் போகும் நரம்பை மட்டும் தேடிப் போக அதற்குத் தெரியாது. ரத்தத்தில் ஏறிவிட்டால் விழிப்பைக் காக்கும் பகுதி, நினைவைக் காக்கும் பகுதி, நடையின் சமநிலையைப் பார்க்கும் பகுதி என்று எல்லா இடத்துக்கும் போகும். அதனால் தூக்கம், தலைசுற்றல், தடுமாற்றம், குழப்பம் ஆகியவற்றை வெறும் 'பக்க' விளைவு என்று ஒதுக்குவது சரியில்லை. வலியைக் குறைக்கும் அதே வேலையின் மறுபக்கம் அவை.

இந்த மருந்துகள் பிறந்த கதையே இதைச் சொல்லும். ஃபிராங்க் பெர்கர் செக் நாட்டின் பில்சன் ஊர்க்காரர். நாஜிகள் வந்தபோது தப்பி பிரிட்டனுக்குப் போனவர். அங்கே ஒரு மருந்து நிறுவனத்தில் அவருக்குக் கொடுத்த வேலைக்கும் தசைக்கும் சம்பந்தமே இல்லை. அப்போது பெனிசிலின் புதிது. அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்களைக் கட்டுப்படுத்த ஒரு பாதுகாப்புப் பொருள் வேண்டும், அவ்வளவுதான். அதற்காகச் செய்து பார்த்த சேர்மங்களை, நச்சு இருக்கிறதா என்று அறிய, எலிகளுக்குச் செலுத்தினார். எலிகள் துணி பொம்மை போலத் தொய்ந்து விழுந்தன. ஆனால் விழித்துக்கொண்டிருந்தன. மல்லாக்கப் போட்டால் புரண்டு எழ முடியவில்லை, கண் மட்டும் திறந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்து வழக்கம்போல ஓடின. மெஃபனிசின் என்ற அந்தப் பொருளைப் பற்றி 1946இல் எழுதியபோது, எலிகளின் அந்த நிலையைச் சாந்தப்பட்ட நிலை என்று பொருள்படும் ஒரு சொல்லால் அவர் குறித்தார். பின்னாளில் மன அமைதி மாத்திரைகளுக்கு ஆங்கிலத்தில் நிலைத்த 'டிராங்குவிலைசர்' என்ற பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான்.

பெர்கர் பிறகு அமெரிக்கா போனார். மெஃபனிசினை மேம்படுத்தி மெப்ரோபமேட் வந்தது. 1955இல் 'மில்டவுன்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்து, பதற்றத்துக்கான மாத்திரையாக அமெரிக்காவையே ஆட்டிவைத்தது. அதே குடும்பத்திலிருந்து 1959இல் காரிசோப்ரோடால் வந்தது. இதன் மேல் ஒட்டிய பெயர்தான் 'தசை தளர்த்தி'. உடம்புக்குள் போனபின் நடப்பதைப் பாருங்கள். காரிசோப்ரோடால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஆனால் கல்லீரல் அதை மாற்றும்போது கிடைக்கும் பொருள்களில் ஒன்று அதே மெப்ரோபமேட். அது பாதியாகக் குறைய பத்து மணி நேரம் ஆகும். இடுப்பு வலிக்கு என்று விழுங்கியவருக்கு உள்ளே ஓடுவது 1955இன் பதற்ற மாத்திரை. இதற்கு அடிமையாகிறவர்கள் பெருகியதால் ஐரோப்பிய மருந்து முகமை 2007இல் அனுமதியை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. அமெரிக்கா 2012இல் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. டாபென்டடால் என்ற கடும் வலி மருந்தையும் காரிசோப்ரோடாலையும் ஒன்றாகச் சேர்த்த மாத்திரைகள் இந்தியாவிலிருந்து மேற்கு ஆப்பிரிக்கத் தெருக்களில் போதைக்காகப் போய்க் குவிவதை 2025 பிப்ரவரியில் பிபிசி வெளிக்கொண்டுவந்தபின், இந்திய அரசு அந்தக் கூட்டின் தயாரிப்புக்கும் ஏற்றுமதிக்கும் தந்திருந்த அனுமதிகளைத் திரும்பப் பெற்றது.

பேக்லோஃபென் இன்னும் தெளிவான சாட்சி. மூளையில் நரம்புகளை அடக்கி வைக்கும் வேதிப்பொருள் காபா. வெளியிலிருந்து காபாவைக் கொடுத்தால் மூளையைச் சுற்றியுள்ள தடுப்பைத் தாண்டி உள்ளே போகாது. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் சிபா நிறுவன வேதியியலாளர்கள் காபாவின் மேல் குளோரின் கோத்த ஒரு வளையத்தை ஒட்டினார்கள், கொழுப்பில் கரைந்து அந்தத் தடுப்பைத் தாண்டட்டும் என்று. 1962இல் பேக்லோஃபென் வந்தது. வலிப்பு நோய்க்கென்று தேடியது. வலிப்புக்குப் பெரிதாக உதவவில்லை. ஆனால் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்கும் வரும் கடும் தசை விறைப்பைத் தளர்த்தியது. அவர்களுக்கு அது இன்றும் பெரிய வரம், அதில் சந்தேகமில்லை. மூளைக்குள் போகவேண்டும் என்றே வடிவமைத்த மருந்து மூளையில் வேலை காட்டினால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சிக்கல் சிறுநீரகத்தில் தொடங்குகிறது. பேக்லோஃபெனை உடம்பு பெரிதாக மாற்றுவதில்லை. பெரும்பங்கு அப்படியே சிறுநீரில் போய்விடும். சிறுநீரகம் நன்றாக இருந்தால் சில மணி நேரத்தில் ரத்தத்தில் உள்ள அளவு பாதியாகிவிடும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் முதல் வேளை வெளியேறும் முன் அடுத்த வேளை வந்து சேரும், அதன்மேல் இன்னொன்று.

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அம்மாவுக்கு 75 வயது. இருபது வருஷமாகச் சர்க்கரை. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளில் கிரியாட்டினின் 1.3 என்று இருக்கிறது. "கொஞ்சம்தான் கூட" என்று மடித்து வைத்தாயிற்று. அந்த வயதுப் பெண்ணுக்கு 1.3 என்றால் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் ஏறக்குறைய 43தான், 60க்கு மேல் இருக்கவேண்டிய இடத்தில். இந்த நிலையில் முதுகுப் பிடிப்புக்குப் பேக்லோஃபென் 10 மில்லிகிராம், மூன்று வேளை. திங்கட்கிழமை ஆரம்பிக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை பகலெல்லாம் தூக்கம். "வலி இல்லாம நல்லாத் தூங்குறாங்க, விடு" என்கிறார் மகன். புதன்கிழமை மத்தியானம் உச்சிவெயிலில் அம்மா எழுந்து உட்கார்ந்து, "விளக்கு ஏத்தியாச்சா?" என்று கேட்கிறார். சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்தால் வெறித்துப் பார்க்கிறார். டம்ளரைப் பிடித்த கை வெட்டி வெட்டி ஆடுகிறது. பேத்தியைப் பார்த்து, இறந்துபோன தன் தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். "ஐயோ, அம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சு, ஸ்ட்ரோக்கா இருக்கும்" என்று மகள் பதறுகிறாள். பக்கத்து வீட்டு அத்தை, "வயசாயிடுச்சுல்ல, மறதி நோய் ஆரம்பிச்சிருக்கும்" என்கிறார்.

மூளை ஸ்கேன் எடுப்பார்கள், சோடியம் பார்ப்பார்கள், சிறுநீரில் தொற்று இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எல்லாமே பார்க்க வேண்டியவைதான். அலமாரியில் இருக்கும் புது மாத்திரை அட்டையை யாராவது கையோடு கொண்டுபோயிருந்தால் பாதித் தேடல் மிச்சம்.

கற்பனை என்று சொன்னாலும் இதன் ஒவ்வொரு துண்டும் மருத்துவ இதழ்களில் பதிவானதுதான். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், சிறுநீரகம் தளர்ந்த ஆனால் டயாலிசிஸுக்குப் போகாத முதியவர்களை ஆராய்ந்த பெரிய ஆய்வு ஒன்று 2019இல் வெளிவந்தது. பேக்லோஃபென் புதிதாக ஆரம்பித்த 15,942 பேர். நாளொன்றுக்கு 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்த 9,707 பேரில் 108 பேர் ஒரே மாதத்துக்குள் மூளைக் குழப்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அதற்குக் குறைவாக எடுத்த 6,235 பேரில் 26 பேர். முதல் கூட்டத்தில் நூற்றுக்கு ஒருவருக்கும் சற்று மேல், இரண்டாவதில் அதில் பாதிகூட இல்லை. மருந்தே எடுக்காத அதே வகை முதியவர்களில் பத்தாயிரத்துக்கு ஆறு பேர்தான். நூற்றுக்கு ஒன்று சின்ன எண்ணாகத் தோன்றலாம். முதுகுப் பிடிப்புக்கு என்று கொடுக்கும் மாத்திரைக்கு அது பெரிய விலை. முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளைப் பட்டியலிடும் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம், வடிகட்டும் வேகம் 60க்குக் கீழே இருந்தால் பேக்லோஃபெனைத் தவிர்க்கச் சொல்லி 2023இல் சேர்த்தது.

டயாலிசிஸில் இருப்பவர்களின் நிலைமை இன்னும் மோசம். அவர்களுக்கு இந்த மருந்து வந்து சேரும் வழி பல சமயம் முதுகு வலிகூட இல்லை, விக்கல். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு நாள்கணக்கில் நிற்காத விக்கல் வருவதுண்டு. விக்கலை நிறுத்தப் பேக்லோஃபென் உதவும் என்பதால் ஐந்து, பத்து மில்லிகிராம் என்று எழுதிக் கொடுப்பார்கள். சில வேளை மாத்திரையிலேயே ஆள் எழுப்ப முடியாத தூக்கத்துக்குப் போன சம்பவங்கள் மறுபடி மறுபடி பதிவாகியிருக்கின்றன. ஆறுதலான செய்தியும் இதிலேயே இருக்கிறது. டயாலிசிஸ் இயந்திரம் இந்த மருந்தை வெளியே இழுத்துவிடும். காரணம் இன்னதென்று தெரிந்து சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலானவர்கள் சில நாளில் பழைய ஆளாக எழுந்து உட்காருகிறார்கள்.

அளவு மிக அதிகமானால் என்ன ஆகும் என்பது நெஞ்சைப் பதற வைக்கும் விஷயம். பேக்லோஃபெனை அளவுக்கு மீறி விழுங்கியவர்களில் சிலருக்கு வெளிச்சம் பட்டால் கண்மணி சுருங்கவில்லை, இருமல் வரவில்லை, தானாக மூச்சு இல்லை, மூளையின் மின்பதிவில் நீண்ட அமைதிக்கு நடுவே சிறு சிறு துடிப்புகள் மட்டும். பார்த்தால் மூளைச்சாவு போலவே. அவர்களில் சிலர் நாள்கள் கழித்துக் கண்விழித்து, நடந்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். மூளைச்சாவை உறுதிசெய்யும் விதிகள், உடம்பில் மருந்தின் தாக்கம் இல்லை என்பதை முதலில் நிச்சயப்படுத்திக்கொள்ளச் சொல்வது இதனால்தான். என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று குடும்பம் சொல்லும் ஒரு வரிக்கு அந்த அறையில் எவ்வளவு கனம்!

இவ்வளவையும் படித்துவிட்டு யாரும் இன்று இரவே மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. அதில் வேறொரு ஆபத்து இருக்கிறது. வாரக்கணக்கில் பேக்லோஃபெனுக்குப் பழகிய மூளை அதைத் தன் பிரேக்காக ஏற்றுக்கொண்டுவிடும். பிரேக்கைச் சட்டென்று பிடுங்கினால் இல்லாதது தெரியும், இல்லாத குரல் கேட்கும், வலிப்பு வரும், தசை முன்பைவிட மோசமாக விறைக்கும். 1984இல் சிகாகோவில் ரிச்சர்ட் பென்னும் ஜெஃப்ரி குரோயினும் இந்த மருந்தைத் தண்டுவட நீருக்குள் நேராகச் சொட்டுச் சொட்டாக விடும் முறையை அறிமுகப்படுத்தினார்கள். வயிற்றுத் தோலுக்கடியில் ஒரு சின்ன பம்ப் இருக்கும். வாய்வழியே மில்லிகிராமில் கொடுப்பதை இதில் மைக்ரோகிராமில் கொடுத்தாலே போதும். மூளையில் மயக்கம் குறைவு, விறைப்புக்கு நிவாரணம் அதிகம். ஆனால் பம்ப் காலியானாலோ குழாய் அறுந்தாலோ மருந்து திடீரென்று நின்று, கடும் காய்ச்சலும் குழப்பமும் விறைப்பும் வந்து உயிரே போகலாம். அதனால் அந்த மருந்தின் குறிப்பில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறார்கள். குறைப்பதானால் மருத்துவர் சொல்லும் கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

இதே மருந்தை மூளைக்காகவே எடுத்தவர் ஒருவர் உண்டு. ஒலிவியே அமெய்சன், பிரெஞ்சு இதய மருத்துவர், குடிக்கு அடிமையாகி எல்லாவற்றையும் இழக்கும் நிலைக்குப் போனவர். பேக்லோஃபெனைத் தனக்குத்தானே ஏற்றிக்கொண்டே போனார், ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 270 மில்லிகிராம் வரை. குடிக்கவேண்டும் என்ற தவிப்பே அணைந்துபோனதாக 2004இல் மருத்துவ இதழில் தன் கதையை எழுதினார். பிரான்சில் பெரிய விவாதம் நடந்து, 2018இல் மதுப் பழக்கத்துக்கு இந்த மருந்து அனுமதி பெற்றது, நாளுக்கு 80 மில்லிகிராம் என்ற உச்சவரம்போடு. ஒரு மனிதனின் ஆசையையே அணைக்கக்கூடிய ஒன்றைச் சுளுக்கு மாத்திரை என்று சாதாரணமாகக் கையில் வாங்குகிறோம்.

டிசானிடின் நம் ஊரில் இன்னும் பரவலாக இருக்கிறது. மூளைத்தண்டிலும் தண்டுவடத்திலும் விழிப்பைத் தூண்டும் நரம்புகளை அடக்கும், ரத்த அழுத்தத்தையும் இறக்கும். தனியாக எடுத்தாலே தூக்கமும் வாய் வறட்சியும் சகஜம், சிலருக்கு மாயக்காட்சிகள்கூட வந்திருக்கின்றன. இதற்கு ஒரு கூட்டாளி சேர்ந்தால்தான் கதை மாறும். ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 2004இல் ஆரோக்கியமான 10 பேருக்கு சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்துவிட்டு அதன்மேல் டிசானிடின் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் டிசானிடினின் அளவு 10 மடங்கு ஏறியது. ஃப்ளூவாக்சமின் என்ற மன அழுத்த மருந்தோடு சேர்த்தபோது 33 மடங்கு. டிசானிடினைக் கரைக்கும் கல்லீரல் நொதியை அந்த மருந்துகள் முடக்கிவிடுவதே காரணம். நீர்க்கடுப்புக்கு ஒரு மருத்துவர் சிப்ரோ எழுதுகிறார், முதுகுக்கு இன்னொருவர் டிசானிடின் கலந்த மாத்திரை எழுதுகிறார், ஒருவர் எழுதிய சீட்டு மற்றவர் கண்ணில் படுவதில்லை. பாட்டி இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போகும்போது தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்ள இது போதும். இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது என்பது மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது.

கடைசியாக நம் மண்ணில் வேர்விட்ட ஒன்று. செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலர். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று கம்பிப் பந்தலில் படரவிட்டு வளர்ப்பார்கள். விதை மருந்துக்காக ஏற்றுமதியாகிறது. அந்த விதையில் இருக்கும் கால்சிகோசைடில் ஒரு சிறு மாற்றம் செய்து கந்தகத்தைச் சேர்த்தால் கிடைப்பது தயோகால்சிகோசைட், நம் மருந்துக்கடைகளில் வலி மாத்திரைகளோடு கலந்து விற்கும் அதே பெயர். மேலே சொன்ன மருந்துகள் மூளையை அடக்குகின்றன. இது மூளையில் எதிர்த்திசையில் போகக்கூடியது. காபாவின் ஒரு வகைக் கதவை இது அடைப்பதால், ஏற்கெனவே வலிப்பு உள்ளவர்களுக்கும் மூளையில் காயம் பட்டவர்களுக்கும் வலிப்பைத் தூண்டலாம், அப்படி வந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் வேறொரு காரணத்துக்காகவும் இதை இறுக்கியது. இந்த மருந்து உடம்பில் உடையும்போது வரும் பொருள் செல்களின் குரோமோசோம் எண்ணிக்கையைக் குலைக்கக்கூடும் என்று தெரிந்ததால், மாத்திரையாக 7 நாளுக்கு மேல் வேண்டாம், 16 வயதுக்குக் கீழே வேண்டாம், கர்ப்பிணிகளுக்கு வேண்டவே வேண்டாம் என்றது. இங்கே பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் அதே அட்டையை வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வலி வந்தால் அக்கம்பக்கத்தில் கடன் வாங்கிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

வலிப்பு உண்டா, சிறுநீரகப் பரிசோதனை கடைசியாக எப்போது எடுத்தது, தூக்க மாத்திரையோ மன அழுத்த மாத்திரையோ வேறு இடத்தில் வாங்கிச் சாப்பிடுகிறாரா, இரவில் மது உண்டா என்ற நான்கையும் மருத்துவர் கேட்காவிட்டாலும் கூடப் போகிறவர் சொல்லிவிட வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் வண்டி ஓட்டாமல் இருப்பது நல்லது. வயதானவர் புது மாத்திரை ஆரம்பித்த அந்த வாரத்தில் பகலில் தூங்கி வழிந்தாலோ, பேச்சு குழறினாலோ, நேரமும் ஆளும் மாறிப் பேசினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். கிளம்பும்போது பர்ஸையும் ஆதாரையும் எடுத்து வைக்கும் அதே பையில், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், காலியானவற்றையும் சேர்த்து, வாரிப் போட்டுக்கொள்ளலாம். அட்டையில் பாதி கிழித்த பக்கத்தில் பெயர் போயிருந்தால் கடைக்காரரின் பில் போதும். அவசரப் பிரிவு வாசலில் அம்மாவைத் தள்ளுவண்டியில் ஏற்றும்போதே, "நாலு நாளைக்கு முன்னால முதுகுக்கு இந்த மாத்திரை ஆரம்பிச்சோம் டாக்டர்" என்று அந்த அட்டையை நீட்டிவிடுங்கள்.